ஊசி மருந்துக்குத் துணை தேடிய காஸ்தோன் ராமோன்

பிரான்சு தேசத்துச் சிற்றூரொன்றில் 1886ஆம் ஆண்டு பிறந்த காஸ்தோன் ராமோன் மிருக வைத்தியம் கற்றவர். தொண்டைக்கரப்பன் நோய் குழந்தைகளின் மூச்சையடைத்துக் கொன்று வந்த காலம் அது. நோயின் நஞ்சைக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மாற்றுமருந்து எடுப்பதே பாஸ்தர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த பணி.

நஞ்சுடன் சிறிது போர்மலின் கலந்து இளஞ்சூட்டில் வைத்தால், கொல்லுங் குணம் நீங்கிக் காக்குங் குணம் நிற்பதை அவர் 1923இற் கண்டார். பிள்ளைகளுக்கு ஏற்றத் தகுந்த மருந்து பிறந்தது. ஆயினும் தனியே ஏற்றினால் அது எழுப்பும் எதிர்ப்பு மெலிந்ததே.

ஊசி ஏற்றிய இடம் வீங்கிச் சீழ்கொண்ட குதிரைகளே கூடுதலான மாற்றுமருந்தைத் தந்தன. வேறொருவராயின் புண்ணைக் கழுவிவிட்டுப் போயிருப்பார். ராமோனோ அவ்வீக்கத்தைத் தாமே உண்டாக்கத் துணிந்தார்! 1925ஆம் ஆண்டளவில் மரவள்ளி மாவையும் பாண் தூளையும் மருந்தோடு சேர்த்துக் குதிரைகளுக்கு ஏற்றினார். (நம் அடுக்களைச் சாமான்கள்தாம்.) பலன் பெருகிற்று. உதவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் இத்துணைப் பொருள்களுக்குப் பெயருமிட்டார்.

ஆனாற் குழந்தையின் கையிற் பாண் தூளை ஏற்றலாமா? 1926இல் இங்கிலாந்தின் கிளெனி என்பார் படிகாரத்தைச் சேர்த்தார். மருந்து கரையாத துகளாயிற்று. அத்துகள் உடலில் மெல்ல மெல்லக் கரைவதாலேயே பலன் மிகுகிறது என அவர் கருதினார். அலுமினிய உப்புக்கள் உடலின் காவலணுக்களையும் தூண்டுகின்றன என்பது பிற்கால ஆராய்ச்சி. வழியைத் திறந்தவர் ராமோன். நெடுந்தூரம் சென்றது படிகாரமே என்போம். ஏற்புவலித் தடுப்பூசியில் அவ்வுப்புக்கள் இன்றும் உள்ளன.

நோபல் பரிசுக்கு நூற்றைம்பது முறைக்கு மேல் முன்மொழியப்பட்டும் அதனைப் பெறாமலே, 1963இல் ராமோன் காலமானார்.