சசி மகராஜின் நிவேதனம்

சென்னை ஐஸ் ஹவுஸில் ஒரு நாள் குருதேவருக்கு நிவேதனம் செய்ய எதுவுமே இல்லை. வாங்குவதற்குக் கையில் காசும் இல்லை. சுவாமி ராமகிருஷ்ணானந்தர் பூஜையறை முன்பு அங்குமிங்கும் நடந்தபடி குருதேவருடன் வாதாடத் தொடங்கினார். தம்மைச் சோதிப்பதானால் எதிரிலுள்ள கடற்கரை மணலை அள்ளிவந்து படைத்துவிட்டு, அதையே பிரசாதமாக விழுங்கப் போவதாகக் கோபத்துடன் கூறினார். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்தர் ஒருவர் பூஜைக்கு வேண்டிய பொருட்களுடன் நின்றிருந்தார்.

பொருள் வந்து சேர்ந்ததைவிட அந்தக் கோபமே சிந்திக்கத் தக்கது. இல்லாதவரிடம் யாரும் சண்டையிடுவதில்லை. பூஜையறையில் இருப்பது படம் என்ற எண்ணம் சசி மகராஜுக்கு ஒருபோதும் எழவில்லை. கோடை இரவுகளில் எழுந்து குருதேவருக்கு விசிறுவார். தமக்கு வியர்ப்பது நினைவில் இராது.

1863-இல் வங்காளத்தின் இச்சாபூரில் பிறந்த சசிபூஷண், 1883-இல் தட்சிணேசுவரத்தில் குருதேவரைச் சந்தித்தார். 1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தபின், பாராநகர் மடத்தில் சகோதரத் துறவிகள் தீர்த்த யாத்திரை சென்றபோதும் அவர் பூஜையை விட்டு அகலவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் 1897-இல் சுவாமி விவேகானந்தர் சென்னைக்கு அனுப்பினார். தெரியாத மொழி, பழக்கமில்லாத உணவு, நிச்சயமற்ற வருவாய். பூஜை, சமையல் எல்லாவற்றையும் தாமே செய்துவிட்டு, நகரின் பல பகுதிகளுக்குச் சென்று வகுப்புகள் நடத்தினார். ஒரு மழைநாளில் கேட்க ஒருவர்கூட வரவில்லை. அதையும் தமது வழிபாடாகக் கருதி, காலி அறையில் வழக்கம்போல் பாடம் நடத்திவிட்டே திரும்பினார்.

இடமளித்த பிலிகிரி ஐயங்கார் 1902-இல் காலமானார். 1906-இல் ஐஸ் ஹவுஸ் ஏலத்திற்கு வந்தது. பக்தர்கள் கலங்கி நிற்க, யார் வாங்கினால் என்ன என்று சசி மகராஜ் அமைதியாக அமர்ந்திருந்தார். குருதேவரை வைக்க ஒரு சிறு அறை கிடைத்தால் போதும் என்பது அவரது கணக்கு. சிறிது காலம் அதே வளாகத்தின் புறமனையில் தங்கினார். 1907-இல் மயிலாப்பூரில் சிறிய கட்டடம் அமைந்தபோது, குருதேவருக்கு நல்ல வீடு கிடைத்துவிட்டது என்று குழந்தையைப் போல் மகிழ்ந்தார். விரைவிலேயே கூரை ஒழுகியது. ஒரு மழை இரவில், குருதேவரின் உறக்கம் கலையக் கூடாதென்று, படத்தை நகர்த்தாமல் குடை பிடித்தபடி நின்றார்.

இதே வறிய துறவிதான் பெங்களூருக்கும் ஆசிரமம் தந்தார். அல்சூர் வேதாந்த சங்கத்தின் அழைப்பின் பேரில் 1903-இல் அங்குச் சென்று சொற்பொழிவாற்றினார். மைசூர் அரசு பசவனகுடியில் வழங்கிய நிலத்தில் 1906-இல் சுவாமி அபேதானந்தர் அடிக்கல் நாட்டினார். 1909 ஜனவரியில் சுவாமி பிரம்மானந்தர் கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

1911-இல் அன்னை சாரதாதேவியார் தெற்கே வந்தார். நிவேதனத்திற்கு வழியின்றித் தவித்த சசி மகராஜ், ராமேசுவரத்தில் அன்னை அர்ச்சிப்பதற்கு 108 பொன் வில்வ இலைகளை ஏற்பாடு செய்தார்! பின்னர் அன்னை பெங்களூர் ஆசிரமத்தில் சில நாட்கள் தங்கினார். ஒரு மாலையில் அவர் ஆசிரமத்தின் பின்புறமுள்ள பாறையில் அமர்ந்திருப்பதை அறிந்ததும், சசி மகராஜ் விரைந்து ஏறிச்சென்று திருவடிகளில் விழுந்து வணங்கித் துதித்தார். அன்னை அவரை ஆசீர்வதித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று, 48-ஆம் வயதில், காசநோயால் கல்கத்தாவில் அவர் உடலை நீத்தார். அன்னை அமர்ந்த பாறை இன்றும் பெங்களூர் ஆசிரமத்தில் போற்றப்படுகிறது.