அடுக்குகளினூடே அலைகள்

காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகள் பலவற்றில் ஆழம் அறியும் கருவி உண்டு. அதனுள்ளே இருப்பது பீசோ மின்விளைவுடைய பொருள். மின்துடிப்பு பட்டதும் அது அதிர்ந்து, செவிக்கு எட்டாத மீயொலியை நீருக்குள் செலுத்தும்; தரையிலோ மீன்கூட்டத்திலோ மோதித் திரும்பும் அலையை மறுபடியும் மின்துடிப்பாக்கும். இத்தகைய அலை, தான் செல்லும் நீரையே நெருக்கமும் நெகிழ்வுமாக அடுக்கடுக்காய் மாற்றிவிடுகிறது. அவ்வடுக்குகளினூடே ஒளி புகுந்தால் என்ன ஆகும்? இவ்வினாவுக்குத் தெளிந்த விடை தந்தவர் சர் சி.வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக அவரைப் போற்றும் உலகம் இப்பணியை அந்த அளவுக்கு அறிந்திலது.

திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவராய் இருந்தபோதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அறிவியலை நம்பி வாழ வழியில்லாத காலம் அது. ஆதலால் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் அலுவலகக் கணக்கு. காலையும் மாலையும் ஆய்வுக்கூடம். பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1917இல், ஊதியம் குறையும் என்று அறிந்தும் அரசுப் பணியைத் துறந்து பேராசிரியரானார்.

அடுக்குகள் அலையை மாற்றும் விந்தையை அவர் முதலில் மிருதங்கத்தில் கண்டார். வெறுந்தோலின் அதிர்வுகள் தமக்குள் இசைவுறா. வலந்தலையின் நடுவே அடுக்கடுக்காய்ப் பூசப்படும் கரணையே அவற்றை இசைவான சுரங்களாக்குகிறது. பெயரறியாக் கைவினைஞர்கள் கண்ட இந்நுட்பத்தை இராமனும் அவருடைய உடனாய்வாளரும் 1920இல் உலக அறிவியலாளர் முன் வைத்தனர்.

1928இல் இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார்.

அங்குதான் மீயொலி அவரை ஈர்த்தது. குவார்ட்ஸ் படிகத்தால் திரவத்தில் மீயொலியை எழுப்பி, குறுக்கே ஒளியைச் செலுத்தினால், அது நடுக்கோடும் இருபுறமும் பல கோடுகளுமாகப் பிரிவதை அமெரிக்க, பிரெஞ்சு அறிஞர்கள் 1932இல் கண்டிருந்தனர். அடுக்குகளில் ஒளி எதிரொளிப்பதாகக் கொண்ட பழைய விளக்கம், இத்தனை கோடுகள் தோன்றுவதற்குக் காரணம் கூறவில்லை. இராமனும் இளம் ஆய்வாளர் என்.எஸ். நாகேந்திர நாத்தும் வேறு வழியில் சிந்தித்தனர். நெருங்கிய அடுக்கில் ஒளி சற்றுப் பின்தங்கும். நெகிழ்ந்த அடுக்கில் முந்தும். உள்ளே தட்டையாக நுழைந்த அலைமுகப்பு, வெளியே வரும்போது நெளிந்திருக்கும். அந்நெளிவே கோடுகளாக விரிகிறது! ஒலி வலுக்கும்போது நடுக்கோடு மங்கி மறைந்து மீண்டும் ஒளிர்வதையும் இக்கணக்கு சரியாகச் சொன்னது. எளிய கருத்துதான், ஆனால் அதற்குமுன் எவருக்கும் தோன்றவில்லை. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளாக இது வெளிவந்தது. அவை அச்சேறியது, இராமனே 1934இல் தோற்றுவித்த இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் என்பது கருதத்தக்கது.

அதே ஆண்டுகளில் நிறுவன நிருவாகத்தில் பூசல் முற்றியது. 1937இல் இயக்குநர் பதவியை விட்டு விலகிய இராமன், பேராசிரியராகவே அங்குத் தொடர்ந்தார். 1948இல் தமக்கென ஆய்வு நிறுவனம் அமைத்து, 1970 நவம்பர் 21 அன்று மறையும் வரை அங்கேயே உழைத்தார்.

லேசர் ஒளியை ஒலியால் திருப்பும் கருவிகளில் இன்று பீசோ படிகத் தகட்டை மற்றொரு படிகத்தின்மேல் ஒட்டி அதிரச் செய்கின்றனர். அங்கே ஒளி பல கோடுகளாகப் பிரியும் முறைக்கு இராமன்–நாத் விளிம்பு விளைவு என்று பெயர்.