ரொட்டி கொடுத்து வார்த்தை வாங்கியவர்

பசியால் வாடும் ஒரு கைதி. அவர் கையில் ஒரு துண்டு ரொட்டி. அதை அவர் தின்னவில்லை. பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு கைதியிடம் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது பணம் அல்ல, துணியும் அல்ல. சில வார்த்தைகள்!

அப்படி ரொட்டியை விலையாகக் கொடுத்து வார்த்தைகளை வாங்கியவர், பிரிமோ லெவி. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இத்தாலிய எழுத்தாளர்.

ரசாயனம் படித்த வாலிபர்

இத்தாலியின் வடபகுதியில் உள்ளது டூரின் நகரம். அங்கே 1919-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி லெவி பிறந்தார். தந்தை என்ஜினீயர். யூதக் குடும்பம்.

1937-ம் ஆண்டில் ரசாயனம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இடி விழுந்தது. சர்வாதிகாரி முசோலினி, யூதர்களுக்கு எதிராகச் சட்டங்கள் கொண்டு வந்தார். யூத மாணவர்கள் புதிதாகச் சேர முடியாது. முன்பே சேர்ந்தவர்கள் மட்டும் படிப்பை முடிக்கலாம்.

லெவி விடாமல் படித்தார். 1941-ம் ஆண்டில் மிக உயர்ந்த தகுதியுடன் தேறினார். ஆனால், அவர் வாங்கிய பட்டத்திலேயே "யூத இனத்தவர்" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரசாயனம் படிப்பவர்கள் ஜெர்மன் புத்தகங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் லெவிக்குக் கொஞ்சம் ஜெர்மன் வார்த்தைகள் தெரிந்தன. பரீட்சைக்காகப் படித்த அந்த வார்த்தைகள் ஒரு நாள் உயிரைக் காக்கப் போகின்றன என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மரண ரயில்

1943-ம் ஆண்டில் இட்லரின் படை வட இத்தாலியைப் பிடித்தது. அதை எதிர்த்துப் போராட, லெவி நண்பர்களுடன் மலைக்குப் போனார். டிசம்பர் 13-ந் தேதி பிடிபட்டார். விசாரணையில், தான் யூதன் என்று கூறினார்.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி ஒரு சரக்கு ரயில் புறப்பட்டது. அதில் ஆடுமாடுகளைப் போல அடைக்கப்பட்டவர்கள் 650 பேர். கைக்குழந்தைகளும் கிழவர்களும்கூட இருந்தார்கள். லெவியும் அதில் ஒருவர்.

ரயில், போலந்து நாட்டில் நாஜிகள் அமைத்திருந்த ஆஷ்விட்ஸ் முகாமை அடைந்தது. அங்கே 96 ஆண்களையும் 29 பெண்களையும் வேலைக்கு ஒதுக்கினார்கள். மற்ற அத்தனை பேரையும் கொன்றுவிட்டார்கள்.

யுத்தம் முடிவதற்குள் ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள்.

எண்ணே பெயர்

லெவியின் தலையை மொட்டை அடித்தார்கள். இடது கையில் 174517 என்று பச்சை குத்தினார்கள். அன்று முதல் அதுவே அவர் பெயர். அந்த எண்ணை ஜெர்மன் மொழியில் கூப்பிடுவார்கள். காதில் விழுந்தும் புரியாமல் நின்றவன் மீது அடி விழும்.

முகாமில் பல நாட்டுக் கைதிகள் இருந்தார்கள். ரொட்டிக்கு இத்தாலியர் "பானே" என்பார். ஜெர்மானியர் "புரோட்" என்பார். போலந்துக்காரர் "க்லேப்" என்பார். பொருள் ஒன்று, வார்த்தை பல.

அதிகாரம் செய்யும் மொழியோ ஜெர்மன். எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், எதைத் தொடக் கூடாது—எல்லாம் ஜெர்மன் மொழியில் ஒரே கூச்சல்! அது புரியாத இத்தாலியர்களில் பலர், வந்த 10, 15 நாட்களுக்குள் இறந்தார்கள். வெளியே பார்த்தால் பசியும் குளிரும் நோயும் காரணம். உண்மையில், சொன்னது புரியாததுதான் காரணம் என்று லெவி கண்டார்.

இரவுப் பாடம்

முகாமில் ஜெர்மன் தெரிந்த கைதி ஒருவர் இருந்தார். பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர். அவரிடம் லெவி பாடம் கேட்டார். சம்பளம், ரொட்டி!

இரவு விளக்கு அணைந்ததும் பாடம் தொடங்கும். தூக்கம் கண்ணை மூடும் வரை காதோடு காதாக நடக்கும். மேஸ்திரிகள் கத்துவதற்கு என்ன அர்த்தம்? கொட்டகை உத்தரத்தில் எழுதியிருப்பது என்ன? கைதிகளின் சட்டையில் உள்ள முக்கோணங்களின் நிறத்துக்கு என்ன பொருள்? ஒவ்வொன்றாகக் கற்றார். தன் வாழ்நாளில் ரொட்டியை அதைவிட நல்ல முறையில் செலவழித்ததில்லை என்று பிற்காலத்தில் கருதினார்.

கற்ற வார்த்தைகள் சில அவரைச் சுட்டன. ஜெர்மன் மொழியில் மனிதர் உண்பதற்கு "எஸ்ஸன்" என்று பெயர். மிருகம் தின்பதற்கு "பிரெஸ்ஸன்" என்று பெயர். முகாமில் கைதிகள் சாப்பிடுவதற்கு வழங்கியது இரண்டாவது வார்த்தைதான்!

வாங்கிய இடத்தில் கொடுத்தார்

சான் சாமுவேல் என்ற பிரெஞ்சு வாலிபரும் அங்கே கைதியாக இருந்தார். ஒரு நாள் இருவரும் சூப் எடுத்து வரச் சென்றார்கள். சுமார் ஒரு கிலோ மீட்டர் தூரம். தனக்கு இத்தாலிய மொழி கற்றுத் தர முடியுமா என்று சாமுவேல் கேட்டார்.

லெவி, மகாகவி தாந்தேயின் கவிதையைப் பாடமாக எடுத்துக்கொண்டார். சில அடிகள் நினைவுக்கு வந்தன, சில வரவில்லை. மறந்துபோன அடிகளுக்காக அன்றைய சூப்பையே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது! முகாமின் மொழி அவரை மிருகம் என்றது. தாய்மொழிக் கவிதை அவரை மனிதன் என்றது.

முகாம் அருகே கட்டப்பட்ட ரப்பர் தொழிற்சாலைக்கு ரசாயனம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். லெவி ஜெர்மன் மொழியில் பரீட்சைக்குப் பதில் சொல்லித் தேறினார். கடும் குளிர்காலத்தில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது.

வார்த்தை மட்டுமே அவரைக் காப்பாற்றவில்லை. லொரென்சோ பெரோனே என்ற இத்தாலியக் கொத்தனார், 6 மாத காலம் தினமும் ரகசியமாகச் சூப் கொண்டு வந்து கொடுத்தார். எந்தக் கூலியும் பெறவில்லை. அதிர்ஷ்டமும் துணை நின்றது என்று லெவி எப்போதும் ஒப்புக்கொண்டார்.

1945-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ரஷ்யப் படை வந்து முகாமை விடுவித்தது.

எடைபோட்ட வார்த்தைகள்

அக்டோபர் மாதம் லெவி வீடு திரும்பினார். பகலில் பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை. ஓய்ந்த நேரத்தில் எழுத்து. "இவனும் மனிதன் என்றால்" என்று பொருள்படும் அவரது நூல் 1947-ம் ஆண்டில் வெளிவந்தது. 2,500 பிரதிகளே அச்சிட்டார்கள். அவையும் முழுதாக விற்கவில்லை. 1958-ம் ஆண்டில் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அதைப் படித்தது.

1961-ம் ஆண்டில் அந்த நூல் ஜெர்மன் மொழியில் வந்தது. மொழிபெயர்ப்பை லெவி வார்த்தை வார்த்தையாகச் சோதித்தார். மொழிபெயர்ப்பாளர் ஹைன்ஸ் ரீட்டின் ஜெர்மன் பண்பட்ட ஜெர்மன். முகாமின் ஜெர்மன் முரட்டு ஜெர்மன். அந்த முரட்டு வார்த்தைகளை மெருகு போட்டு மாற்றக் கூடாது என்பதில் லெவி உறுதியாக இருந்தார்.

ஒரு சமயம், வியாபார விஷயமாக ஜெர்மன் கம்பெனி அதிகாரி ஒருவருடன் பேசினார். பேச்சு முடிந்து கிளம்பும்போது, முகாமில் கேட்ட கொச்சை வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது. அதிகாரி திகைத்தார். தாம் ஜெர்மன் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஆஷ்விட்ஸ் முகாமில் என்று லெவி அமைதியாகச் சொன்னார். அதிகாரி சங்கடப்பட்டார்.

லெவி அந்த முரட்டு உச்சரிப்பைக் கடைசி வரை திருத்திக்கொள்ளவில்லை. கையில் குத்திய எண்ணையும் அழிக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நடந்ததற்கு அவை சாட்சி!

1987-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, தாம் பிறந்த அதே வீட்டில் அவர் காலமானார். டூரின் நகரில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. கூடவே ஓர் எண்ணும் இருக்கிறது.

174517.