கேட்டதை எழுதிய கல்கி
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

'பொன்னியின் செல்வன்' நாவலைப் படிக்காதவர்கள்கூட அதன் பெயரை அறிவார்கள். 2022இலும் 2023இலும் அது இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபோது, நம் கல்லூரி மரத்தடியில் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால், அந்த நாவலை எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே கல்கி அவர்கள் இசைக் கச்சேரிகளைக் கேட்டு எழுதும் விமர்சகராகவும், பத்திரிகை ஆசிரியராகவும் தமிழகம் முழுவதும் அறியப்பட்டிருந்தார் என்பதை நான் சென்ற ஆண்டுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளக் காரணமாய் இருந்தது நான் செய்த ஒரு தவறு.

எங்கள் துறையில் மாணவர்களே நடத்தும் கையெழுத்து இதழ் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு துறை விழாவில் சக மாணவி ஒருவர் பாரதியார் பாடல் ஒன்றைப் பாடினார். நான் அதைப் பற்றி ஐந்தாறு வரிகளில் கேலியாக எழுதினேன். நண்பர்கள் சிரித்தார்கள், நானும் பெருமைப்பட்டேன். அந்த மாணவி அதன்பின் எந்த விழாவிலும் மேடை ஏறவில்லை. எங்கள் தமிழ்ப் பேராசிரியர் என்னை அழைத்து, பாட்டை முழுவதும் கேட்டாயா என்று மட்டும் வினவினார். நான் பாதியிலேயே தேநீர் குடிக்கப் போனவன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்கியின் இசைக் கட்டுரைகளைப் படித்துப் பார், பிறகு எட்டயபுரத்துக்கு ஒருமுறை போய் வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் படிப்பிலும் பயணத்திலும் விளைந்ததே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். எளிய குடும்பம். கிருஷ்ணமூர்த்தி மாயவரத்திலும் பின்னர் திருச்சியிலும் பயின்றார். 1921இல், பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அவரை ஈர்த்தது. படிப்பை உதறினார், அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதியார் மறைந்ததும் அதே 1921ஆம் ஆண்டில்தான்.

சிறையிலிருந்து மீண்டவர் 1923இல் 'நவசக்தி'யில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அதன் ஆசிரியர் தமிழ்த்தென்றல் திரு.வி.க. நல்ல தமிழில் நாட்டு நடப்பை எழுதும் பயிற்சி கிருஷ்ணமூர்த்திக்கு அங்கேதான் கிடைத்தது. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் சென்று, ராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் பணியாற்றினார். 1930இல் மீண்டும் சிறை. இவ்வாறு, பத்திரிகை அலுவலகமும் சிறைச்சாலையும் மாறி மாறி அவருக்குக் கல்லூரிகளாயின எனலாம்.

ஆடல் பாடல்

எஸ்.எஸ். வாசன் 1928இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதற்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி அனுப்பிய கிருஷ்ணமூர்த்தி, 1930களின் தொடக்கத்தில் அதன் ஆசிரியர் பொறுப்புக்கே வந்து சேர்ந்தார். 'கல்கி' என்ற புனைபெயர் நிலைத்தது. தமிழ்த்தேனீ, அகஸ்தியர், லாங்கூலன் என்று அவருக்கு வேறு பெயர்களும் உண்டு. நம் கட்டுரைக்கு வேண்டிய பெயர் 'கர்நாடகம்' என்பது. அந்தப் பெயரில்தான் அவர் 'ஆடல் பாடல்' என்ற பகுதியை எழுதிவந்தார்.

அப்பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. கர்நாடகம் என்றால் கர்நாடக இசை. பழைய போக்கிலிருந்து மாறாத ஆசாமியையும் நம் பக்கத்தில் சுத்தக் கர்நாடகம் என்றே சொல்வோம். தம்மைத் தாமே கிண்டல் செய்துகொண்டு எழுத வந்தவர் மீது வாசகர்களுக்கு எளிதில் நம்பிக்கை பிறந்தது.

அதற்கு முன்பு இசையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இலக்கணம் அறிந்தவர்களுக்காக இருந்தது. ராக லட்சணம், தாள பேதம் ஆகியவற்றை அறிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. கல்கி எழுதியதோ, டிக்கெட்டு வாங்கிக்கொண்டு சபாவில் உட்காரும் சாமானிய ரசிகனுக்காக. கச்சேரி, நடனம், நாடகம், பேசும் படம் எல்லாமே அவர் எழுத்துக்குள் வந்தன. தமிழ்ப் பேசும் படம் பிறந்தது 1931இல். தொடக்க காலப் படங்களில் பாட்டுகள் மலிந்து கிடந்தன. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் மட்டும் சுமார் 50 பாடல்கள். இத்தகைய காலத்தில் நல்லது இது, அல்லாதது இது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கச்சேரிக்கே போக வசதியில்லாத சிற்றூர் வாசகரும், வித்துவான்களின் பாணியைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து வாதிடத் தொடங்கினார்.

தமிழிசைப் போர்

கல்கியின் இசை எழுத்துக்கு மையமான கேள்வி ஒன்றுதான்: தமிழர் கூடிய சபையில், கேட்பவருக்குப் பொருள் விளங்காத பாட்டே கச்சேரி முழுவதும் ஒலிப்பதும், தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்து போவதும் எப்படி நியாயமாகும்? தியாகையரின் இசையை அவர் வெறுத்தவரல்லர். பிற மொழிப் பாட்டை விலக்க வேண்டும் என்பதும் அவர் கட்சியன்று. தமிழ்ப் பாட்டுக்கு மேடையின் நடுவிடம் வேண்டும் என்பதே அவர் கேட்டது.

1941இல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. சென்னையின் சபாக்களிலும் வித்துவான்களிடையிலும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. கல்கி அந்த எதிர்ப்புக்குத் தொடர்ந்து பதில் எழுதினார். எதிர்த்தவர்களில் பலர் அவர் தினமும் பழகும் வட்டத்தினர். இசைக்கு மொழி இல்லை என்று வாதிட்டவர்களுக்கு, மொழி இல்லையென்றால் தமிழில் பாடுவதில் மட்டும் என்ன தடை என்ற பொருள்படக் கேட்டார். அவருடைய 'சங்கீத யோகம்' என்ற நூல் இக்கட்டுரைகளின் தொகுப்பு. இன்று தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுவே கேட்பது நமக்கு இயல்பாய்த் தோன்றுகிறது. அந்த இயல்புக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆசிரியரின் பிடிவாதமும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

சொந்தப் பத்திரிகை

1941இல் விகடனை விட்டு விலகிச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்றாம் முறை சிறை சென்றார். விடுதலைக்குப் பின் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கு மூலதனம் வேண்டியிருந்தது. சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி, 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேடம் ஏற்று நடித்து, அந்தப் பணத்தைத் தந்தார். 1945இல் எம்.எஸ். நடித்த 'மீரா' படத்துக்குக் கல்கி வசனமும் பாடல்களும் எழுதினார்.

இங்கே நம் மாணவ நண்பர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பாடகியின் உதவியால் பிறந்த பத்திரிகையில் இசை விமர்சனம் நடுநிலையாய் இருக்க முடியுமா? இந்த உறவு ஊரறிந்தது, யாரும் மறைத்ததில்லை. ஆயினும் நண்பர்களைப் புகழும் விமர்சகரின் சொல்லை வாசகர் சற்று நிறுத்துத்தான் ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம். கல்கியையும் அவ்வாறே படித்தேன், மதிப்புக் குறையவில்லை.

நெல்லையின் இரு முகங்கள்

நம் நெல்லைச் சீமையில் கல்கிக்கு உயிர் நண்பரும் இருந்தார். கடும் விமர்சகரும் இருந்தார். நண்பர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யில் கம்பனும் இசையும் விருந்தாயின. பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது கல்கி அங்கும் தேடிச் சென்றார். பாட்டைச் சொல் சொல்லாகச் சுவைக்கும் முறையை டி.கே.சி.யிடம் கண்டவர்கள், கல்கியின் இசைக் கட்டுரைகளில் அதன் சாயலைக் காணலாம். நாட்டியப் பெண் ஒருத்தியைத் தலைவியாகக் கொண்ட 'சிவகாமியின் சபதம்' கதைக் கரு, இருவரும் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு பொழுதில்தான் தோன்றியது.

மற்றவர் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன், நம் ஊர் இந்துக் கல்லூரியில் படித்தவர். கல்கியின் கதைகளில் அயல்நாட்டுக் கதைகளின் தழுவல் இருக்கிறது என்று அவர் கடுமையாகத் தாக்கினார். பிறரை விமர்சித்த கல்கிக்குத் தம்மீது விழும் விமர்சனத்தின் வலியும் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

எட்டயபுரம்

இப்போது பேராசிரியர் என்னை எட்டயபுரத்துக்குப் போகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 1930களின் நடுவில், பாரதியார் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவரா என்ற விவாதம் எழுந்தது. பாரதி சிறந்த தேசிய கவி. ஆனால் உலகின் மிகப் பெரிய கவிகளுக்கு நிகராக வைக்க முடியாது என்ற கட்சியில் கல்கி நின்றார். வ.ரா.வும் மணிக்கொடி எழுத்தாளர்களும் கொதித்தனர். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' என்ற நூல் இவ்விவாதத்தின் விளைவே. தமிழில் பாடுங்கள் என்றும், பாடிய சில பாட்டுகளையே எங்கும் திரும்பப் பாடாதீர்கள் என்றும் கல்கிக்கு முன்பே வித்துவான்களுக்குச் சொன்னவர் பாரதியார் என்பதை நினைத்தால், இதில் ஒரு விந்தை இருக்கிறது. எந்த வழியில் பாரதி நடந்தாரோ அந்த வழியிலேயே நடந்தவர், அவருடைய உயரத்தை அளப்பதில் தயங்கினார்.

அதே கல்கிதான் பத்தாண்டு கழித்து, பாரதி பிறந்த எட்டயபுரத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழ வேண்டும் என்று தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் பணம் அனுப்பினர். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டே மாதத்தில், அன்று மேற்கு வங்க ஆளுநராயிருந்த ராஜாஜியே மணிமண்டபத்தைத் திறந்துவைத்தார். எம்.எஸ். பாடினார்.

கோவில்பட்டி வழியாகப் பேருந்தில் சென்று நான் அந்த மண்டபத்தைப் பார்த்தேன். எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1835இல் அதே ஊரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் அங்கு இருக்கிறது. வடமொழியில் பாடிய இசை மேதையும் தமிழில் பாடிய கவிஞரும் ஒரே சிற்றூரில் நினைக்கப்படுகிறார்கள். கல்கி தம் பழைய கருத்துக்குக் கழுவாயாகத்தான் மண்டபம் கட்டினார் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். கருத்து வேறுபாடு இருந்த இடத்திலும் கவிஞருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அவர் தயங்கவில்லை என்று மட்டும் சொல்வேன். அளந்து பேசிய அதே கைதான், ஊர் ஊராகப் பணம் திரட்டிக் கல்லை அடுக்கியது.

நிறைவு

'அலை ஓசை', 'பொன்னியின் செல்வன்' என்று நாவல்கள் தொடர்ந்து வந்தன. டி.கே.சி. 1954 பிப்ரவரியில் குற்றாலத்தில் மறைந்தார். கல்கி அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தைந்து வயதில் மறைந்தார். எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி முடித்தார். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அக்காதெமி பரிசு 1956இல், அவர் இல்லாதபோது வந்தது. 1999இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 'கல்கி' இதழ் அச்சில் வருவது 2020இல் நின்றது.

கச்சேரியை முழுக்க உட்கார்ந்து கேட்டவர் அவர். அதனால் குறை சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. எனக்கு அந்த உரிமை இருக்கவில்லை. எட்டயபுரத்திலிருந்து திரும்பிய மறுநாள், நான் எழுதியது பாட்டைப் பாதிதான் கேட்டு எழுதியது என்ற உண்மையை அடுத்த கையெழுத்து இதழின் முதல் பக்கத்தில் எழுதினேன். அந்த மாணவியிடமும் நேரில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பாரதி விழாவில் அதே பாட்டைப் பாடினார். இரண்டாம் சரணத்தில் சுருதி கொஞ்சம் விலகியது. கடைசிச் சரணத்தில் அரங்கம் அசையாமல் கேட்டது. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.