ஜவ்வாது மலையில் ஒளி பிடித்தவர்

டெல்டா செஃபை என்ற நட்சத்திரம் சட்டென்று பிரகாசமாகும். பிறகு மெல்ல மங்கும். ஏறக்குறைய ஐந்தரை நாளுக்கு ஒருமுறை இதேபோல நடக்கும். இப்படி ஒளி மாறும் நட்சத்திரங்கள் பல உண்டு. கல்லூரி நாள்களிலேயே இவற்றைக் கவனித்துக் கட்டுரை எழுதியவர் வைணு பாப்பு.

அவர் 1927-ல் சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் வானாய்வகத்தில் வேலை பார்த்ததால், சிறு வயதிலேயே வானத்தின் மீது ஆசை வந்தது. அமெரிக்காவில் படிக்கும்போது, 1949-ல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது!

சரி, மாறும் ஒளியை எப்படி ஆராய்வது? நாளைப் படுக்கைக் கோட்டிலும், ஒளியின் அளவை நிமிர்ந்த கோட்டிலும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். இதைப் பிரித்துப் பார்க்க வழி சொன்னவர் பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபூரியர் (1768-1830). முதலில் படத்தின் சராசரி உயரத்தைக் காண வேண்டும். அடுத்து, ஒரு சுற்றில் ஒருமுறை ஏறி இறங்கும் எளிய அலை. பிறகு, அதே நேரத்தில் இரண்டு முறை, மூன்று முறை ஏறி இறங்கும் அலைகள். ஒவ்வோர் அலையும் எவ்வளவு உயரம், எந்த இடத்தில் உச்சம் என்று படத்திலிருந்தே கணக்கிடலாம். எல்லாவற்றையும் கூட்டினால் பழைய வடிவமே வந்துவிடும். இதுதான் ஃபூரியர் தொடர்!

ஆனால் மேகம் மறைத்தால் புள்ளிகள் விடுபடும். ஊர் வெளிச்சம் இருந்தாலும் தொல்லைதான். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான பாப்பு, இருண்ட வானம் தேடி அலைந்தார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கே வேலையைத் தொடங்கின.

1977-ல் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, அதன் ஒளி திடீரெனக் குறைந்ததைக் காவலூரும் பதிவு செய்தது. மற்ற நாட்டு வானாய்வகங்களும் இதைக் கண்டன. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது!

அடுத்து, 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்கப் பாப்பு முனைந்தார். ஆனால் அது முடியும் முன்பே, 1982-ல் தம் 55-ம் வயதில் ஜெர்மனியில் காலமானார். அந்தத் தொலைநோக்கியில் அவர் ஒரு இரவுகூடப் பார்க்கவில்லை. 1986-ல் அது திறக்கப்பட்டபோது, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

நீங்களும் தினமும் மாலையில் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்து, ஓராண்டுக்கு ஒரு படம் வரைந்து பாருங்களேன்! அடுத்த ஆண்டும் அதே வடிவம் வருகிறதா என்று கவனியுங்கள்.