கார்டில் ஓட்டை போட்ட ஹெர்மன் ஹாலரித்

நம்ம பேட்ச்சில் ஃபோர்ட்ரான் படித்தவர்கள் பஞ்ச் கார்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கமா தப்பினால் மறுநாள்தான் தெரியும். கார்டுக் கட்டு கைதவறி விழுந்தால் அன்றைய பொழுது போச்சு! அந்தக் கார்டைத் தந்த மனிதரைப் பற்றி அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஹெர்மன் ஹாலரித் 1860 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். 1879-இல் கொலம்பியா சுரங்கக் கல்லூரியில் இன்ஜினீயர் பட்டம் வாங்கினார். சுரங்கம் படித்தவருக்கு சென்சஸ் ஆபீஸில் என்ன வேலை? அவருடைய பேராசிரியர் ட்ரோபிரிட்ஜ் அங்கே பொறுப்பேற்றபோது மாணவரையும் கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். (வாத்தியார் கைகாட்டிய வேலையில் வாழ்க்கையே திசைமாறியவர்கள் நம்மிலும் உண்டு.)

1880 சென்சஸ் விவரங்களை குமாஸ்தாக்கள் கையால் கோடு கிழித்து எண்ணினார்கள். முடிக்க ஏழெட்டு வருஷம் ஆயிற்று. ஜனத்தொகை ஏறும் வேகத்தில் அடுத்த கணக்கு முடியுமுன் அதற்கடுத்த சென்சஸ் வந்துவிடும் போலிருந்தது. இதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் பில்லிங்ஸ் பேச்சுவாக்கில் சொன்னதை ஹாலரித் பிடித்துக்கொண்டார். இடையில் எம்.ஐ.டி.யில் பாடம் சொல்லிக்கொடுத்தார், பேட்டன்ட் ஆபீஸிலும் இருந்தார். 1884-இல் முதல் பேட்டன்ட் மனு கொடுத்தார்.

முதலில் நீளமான காகிதச் சுருளில்தான் ஓட்டை போட்டார். ஒரு ஆளைத் தேட முழுச் சுருளையும் உருட்ட வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஆளுக்கு ஒரு கார்டு. ரயிலில் கண்டக்டர் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கு எல்லாவற்றையும் டிக்கெட்டில் ஓட்டையாகக் குறித்ததைப் பார்த்தது அவருக்குக் கைகொடுத்தது.

மெஷின் வேலை செய்யும் விதம் எளிதுதான். கார்டின் மேல் ஊசிகளை அழுத்துவார்கள். ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் ஊசி உள்ளே போய் பாதரசக் கிண்ணத்தைத் தொடும். கரண்ட் பாயும், அதற்கான டயல் ஒரு எண் நகரும். பால்டிமோர் நகரின் இறப்புக் கணக்கில் முதலில் சோதித்தார். 1889-இல் மூன்று முறைகளுக்குப் போட்டி வைத்தார்கள். கார்டு தயாரான பின் எண்ணி முடிக்க இவருக்கு ஐந்தரை மணி நேரம். மற்ற இருவருக்கும் 44½ மணியும் 55½ மணியும். 1890-இல் ஆறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை எண்ணியது இவருடைய மெஷின். இதையே ஆராய்ச்சியாக எழுதிக் கொடுத்து, படித்த கொலம்பியாவிலேயே அதே ஆண்டு டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்!

ஆனால் சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதானே? நடுவில் சாப்பாட்டுக்கு என்ன வழி? ரயில்வே சரக்கு ரசீதுகளைக் கையிலெடுத்தார். இங்கே தலையை எண்ணினால் போதாது, எடையையும் பணத்தையும் கூட்ட வேண்டும். அதனால் கூட்டல் செய்யும் மெஷினாக மாற்றினார். என் பார்வையில் அவருடைய பெரிய தாண்டல் இதுதான். சென்சஸுக்கென்று பிறந்த மெஷின் வியாபாரக் கணக்குக்கும் வந்தது. 1896-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

மெஷினை விற்கமாட்டார், வாடகைக்குத்தான் விடுவார். பேரம் பேசினால் கோபம் வரும். வாடகை அதிகம் என்று சென்சஸ் டைரக்டர் நார்த் முறைத்துக்கொண்டபோதும் இறங்கிவரவில்லை. அரசாங்கம் 1905-இல் அவரை விட்டு விலகியது. 1910 சென்சஸுக்கு ஜேம்ஸ் பவர்ஸ் என்பவர் மெஷின் செய்து கொடுத்தார். ஹாலரித் கோர்ட்டுக்குப் போயும் பலனில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை.

உடம்பும் ஒத்துழைக்காததால் 1911-இல் கம்பெனியை விற்றார். கைக்கு வந்தது பத்து லட்சம் டாலருக்கு மேல். வேறு கம்பெனிகளோடு இணைந்த அது 1924-இல் ஐ.பி.எம். ஆனது. அவரோ பண்ணை, மாடு என்று ஒதுங்கிவிட்டார். 1928-இல் ஐ.பி.எம். 80 பத்திக் கார்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார். நாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாகச் சுமந்தது அந்த 80 பத்திக் கார்டைத்தான்.