கொல்லன் மகன் மைக்கேல் பாரடே

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் ஆசிரியர், உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அடைவது பௌதிக மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று கேட்டார். இரண்டும்தான் என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது, உட்காரச் சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எவரும் கேட்கவில்லை. என் தந்தையார் கொல்லர். துருத்தி ஊதி வளர்ந்தவன் நான். சிவந்த இரும்பு ஆறினால் பழைய இரும்பே. ஆனால் பட்டடையில் வைத்து அடிக்கையில் செதில் செதிலாக உதிரும் கிட்டம் திரும்ப இரும்பாவதில்லையே! அன்று அடைத்த வாய், கல்லூரி நூலகத்தில் பாரடேயின் வாழ்க்கை வரலாறு கிடைக்கும்வரை அடைத்தே கிடந்தது.

அவரும் கொல்லன் மகன்தான். 1791-இல் லண்டனுக்கருகே பிறந்தார். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் கற்றதோடு பள்ளி முடிந்தது. பதினான்கு வயதில் புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகச் சேர்ந்து, தைக்க வந்த நூல்களையே படித்து வேதியியல் கற்றார். 1812-இல் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தம் கையாலேயே கட்டமைத்து அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார்.

என்னை மிகவும் கவர்ந்தது 1823-இல் நடந்தது. மூடிய கண்ணாடிக் குழாயில் குளோரின் சேர்ந்த படிகத்தைச் சூடாக்கிக் கொண்டிருந்தார் பாரடே. அங்கு வந்த டாக்டர் பாரிஸ் என்பவர் குழாயினுள் எண்ணெய் போன்ற துளிகளைக் கண்டு, கழுவாத குழாயில் சோதனை செய்வதாகக் குறை கூறினார். பாரடே வாதிடவில்லை. குழாயின் நுனியை அரத்தால் அறுத்தார். அது வெடித்தது, எண்ணெயைக் காணோம்! மறுநாள் பாரிசுக்குச் சேதி போயிற்று: அந்த எண்ணெய் திரவமாகிய குளோரின் என்று. தன் அழுத்தத்தாலேயே வாயு திரவமாகியிருந்தது. திறந்ததும் மீண்டும் வாயுவாயிற்று. பொருள் மாறவில்லை, நிலைதான் மாறியது. பௌதிக மாற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் என் பாடநூலில் இல்லை.

1825-இல் பென்சீன், 1831-இல் மின்காந்தத் தூண்டல், பின் மின்னாற்பகுப்பு விதிகள். இவை நாம் தேர்வுக்குப் படிப்பவையே. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தும் ஏற்கவில்லை.

அறுபத்தொன்பதாம் வயதில், 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மெழுகு உருகித் திரியில் ஏறி ஆவியாகிறது; அதுவரை அது மெழுகே. அணைத்த திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீயைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி எரிந்தபின் மிஞ்சுவது நீரும் கரியமில வாயுவும். அவை இனி மெழுகாகா. ஒரே சுடரில் இருவகை மாற்றமும்! இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1867-இல் பாரடே மறைந்தார்.

பொங்கல் விடுமுறையில் பட்டறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, குளிர்ந்த டம்ளரைச் சுடருக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். உட்புறம் பனித்தது. தந்தையார் விரலால் தொட்டுப் பார்த்து, நெருப்பிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், பட்டடையடியில் கிடந்த கிட்டத்தை அள்ளி என் கையில் வைத்து, அப்படியானால் இது என்ன என்றார்.